ஆறாவதாக நின்றவர்

போன வாரம் ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்று வாங்கக் கல்லூரிக்கு வந்தேன். நான் இன்னும் சாகவில்லை என்பதற்கு ஒரு கையெழுத்து. வேலை முடிந்ததும், இப்போது அங்கே பாடம் எடுக்கும் உங்களில் இரண்டு பேர் என்னைப் பிடித்து உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்தீர்கள். கிராமத்துக் களப்பயிற்சி முகாமை மறுபடி தொடங்கப் போகிறோம், அந்தக் காலத்தில் அடையாள அணிவகுப்புப் பயிற்சி பிரமாதமாக நடக்குமாமே, அதை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டீர்கள். நான் "காபி ஆறிப்போச்சு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். செய்முறை அறை இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை ஒன்று இருக்கும். குப்பை என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

நான் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். குற்றவியல் சொல்லித்தரும் அரசுக் கல்லூரி என்றால் சொந்தக்காரர்களுக்குப் புரியாது. "திருடக் கத்துக் குடுக்கிறீங்களா?" என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். காலையில் பள்ளி முடித்து வந்த பிள்ளைகள். மாலை வகுப்பில் போலீஸ்காரர்கள், சிறைக் காவலர்கள், கோர்ட் குமாஸ்தாக்கள். பின் பெஞ்சு முழுக்க மீசை. இருபத்தேழு வயதுப் பெண், அதுவும் தற்காலிக விரிவுரையாளர், புலன்விசாரணையைப் பற்றி அவர்களுக்குப் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்? முதல் நாள் ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டாவது நாள் அவர் தூங்கியே போனார். என்னை மதிக்க வேண்டும் என்ற வெறி அன்றைக்கு என்னைப் பிடித்தது. இந்தக் கதையின் வேர் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

வருஷத்துக்குப் பத்து நாள் முகாம். பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, பிள்ளைப்பாக்கம், ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் தங்குவோம். அப்போது அங்கே நெல்வயல்தான். நடுநடுவே ஒன்றிரண்டு தொழிற்சாலைகள் முளைக்க ஆரம்பித்திருந்தன. நான் பொறுப்பேற்ற அந்த வருஷம் நாங்கள் தங்கிய ஊரின் பெயர் வேண்டாம். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அணிவகுப்பு உங்களுக்குத் தெரியும். சந்தேகப்படும் ஆளை, அவரைப் போன்ற உயரமும் நிறமும் உள்ள ஒன்பது பேரோடு வரிசையில் நிறுத்தி, நீங்கள் பார்த்தவர் இதில் இருக்கிறாரா என்று சாட்சியைக் கேட்பது. முகாமில் அதற்கு வழக்கமாக ஒரு மாணவரைத் திருடனாக ஓடவிடுவார்கள். ஊர்க்காரர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள், அவர்களும் சிரித்துக்கொண்டே ஆளைக் காட்டுவார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. எட்டு நாளாகத் தெருவில் பார்த்த பையனை அடையாளம் காட்டுவதில் என்ன பயிற்சி? சாட்சி நிஜமாகவே பயந்தால்தானே நினைவு எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்கள் பார்க்க முடியும்? இப்படி யோசித்து, ஊருக்குத் தெரியாத ஓர் ஆளைக் கொண்டுவருவது, சாட்சியிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறை இருந்தது. அதன் சூப்பர்வைசரிடம் கேட்டேன். இரவு ஷிப்ட் முடித்த ஓர் ஆளை அனுப்பினார். அவர்தான் ஏகாம்பரம். வாலாஜாபாத் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. ஊரில் யாருக்கும் அவரைத் தெரியாது.

"எனுக்கு நடிக்கல்லாம் வராது டீச்சரம்மா" என்றார்.

"வரும். நான் சொல்லித்தர்றேன்" என்றேன்.

சிவப்புக் கட்டம் போட்ட புதுச் சட்டை ஒன்றைக் காஞ்சிபுரத்திலிருந்து வாங்கி வைத்திருந்தேன். கண்ணைப் பறிக்கிற சட்டை. சாட்சிகள் முகத்தைப் பார்க்கிறார்களா, உடுப்பைப் பார்க்கிறார்களா என்று சோதிக்கத்தான். பேசுவதற்கு ஒரு வசனமும் எழுதிக் கொடுத்தேன்: "வாயைத் திறந்தால் உயிர் இருக்காது." அந்தப் பக்கத்தில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். அது பட்டணத்தில் உட்கார்ந்து எழுதிய வசனம். ஏகாம்பரத்துக்கு இரண்டு தடவை நாக்கு சுளுக்கிக்கொண்டது. மூன்றாவது தடவை, "இன்னும் கோபமாச் சொல்லுங்க, அவங்களுக்குக் கை நடுங்கணும்" என்றேன். நான்காவது தடவை எனக்கே திக்கென்றது. சரி, இதுதான் என்றேன்.

சாட்சியாக நான் தேர்ந்தெடுத்தது சகாயமேரியை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவர். முகாம் தொடங்கியதிலிருந்து எங்களுக்கும் அவர்தான் பொங்கிப் போட்டார். வெடுக்கென்று பேசுகிற, எதற்கும் அசராத பெண். இவரே பயந்தால் பயிற்சி வெற்றி என்று கணக்குப் போட்டேன். காலை பத்து மணிக்கு ஏகாம்பரம் சமையல் கொட்டகைக்குள் புகுந்து அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, வசனத்தைச் சொல்லி, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சகாயம் கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய், "நாடகம், நாடகம்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது அவர் கை அகப்பையைப் பிடிக்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது. என் நோட்டில் அதைக் குறித்துக்கொண்டேன். அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

மத்தியானம் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தினோம். ஏகாம்பரம் ஆறாவது. சகாயம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேராக ஆறாவது ஆளிடம் போய்க் கையைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பயிற்சித் தாளில் 'வரிசையில் ஆறாவது நபர், ஏகாம்பரம்' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். எல்லோரும் ஒன்றாகக் குந்திச் சாப்பிட்டோம். சகாயம் ஏகாம்பரத்துக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றினார். "சட்டையை நீங்களே வச்சுக்குங்க" என்று நான் சொன்னதும் அவர் அடைந்த சந்தோஷம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பின் பெஞ்சு மீசைகள் அன்றிலிருந்து என்னை மதித்தன.

ஐந்து மாதம் கழிந்தது. அந்தப் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்த ஒருவர் மாலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தார். முகாமைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார், ஆனால் அதில் இருந்ததில்லை. நல்ல மனிதர். ஒரு நாள் நினைவாற்றல் பற்றி நான் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது எழுந்தார்.

"மேடம், நம்ம கேம்ப்பு எப்டி உதவிச்சின்னு சொல்லட்டுங்களா? நீங்க கேம்ப்பு நடத்துன ஊர்ல ரெண்டு மாசம் முன்ன ஒரு கொலக் கேசு. சகாயமேரின்னு ஒரு அம்மா, மாமியாரோட ஏரிக்கரைல வெறவு பொறுக்கினு வந்துகினு இருந்துது. பொழுது சாயற நேரம். வேலிக்காத்தான் பொதர்லேந்து ஒருத்தன் வந்தான். ஒரு வார்த்த பேசல. கெழவி கழுத்துச் சங்கிலிய இழுத்தான், தள்ளுனான், பூட்டான். கெழவி மதகுக் கல்லுல மண்டை அடிபட்டு அங்கியே பூட்ச்சி."

ஏட்டு உற்சாகமாகத் தொடர்ந்தார்.

"மொதல் நாளு வாக்குமூலத்துல அந்தம்மா, 'அவன் ஒண்ணும் பேசல, எங்கியோ பாத்த மூஞ்சி மாதிரி கீது'ன்னு மட்டும்தான் சொல்லிச்சி. பத்து நாள் கழிச்சி வாலாஜாபாத் சந்தைல ஒருத்தனப் பாத்து அப்டியே அலறிச்சி. புட்ச்சிட்டோம். அப்பறம் மாஜிஸ்ட்ரேட் முன்னால ஜெயில்ல பத்துப் பேர நிறுத்தினா, ஒரே நிமிஷம் மேடம், கரெக்டா காட்டுச்சி. நீங்க குடுத்த ட்ரெய்னிங்."

சந்தையில் ஏற்கெனவே பார்த்துக் காட்டிய ஆளை மறுபடி வரிசையில் நிறுத்தினால் அதற்கு என்ன மதிப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். நான் கேட்டது வேறு. என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"அந்த ஆள் பேர் என்ன ஏட்டு சார்?"

"ஏகாம்பரம். வார்ப்புப் பட்டறைல வேலை பாத்து, சண்ட போட்டு நின்னவன். செவப்புக் கட்டம் போட்ட சட்ட போட்டுகினு சந்தைல நின்னான்."

மீதிப் பாடத்தை எப்படி முடித்தேன் என்று தெரியாது. வகுப்பு கலைந்த பிறகு செய்முறை அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, பயிற்சித் தாளைத் தேடி எடுத்தேன். சகாயமேரியின் கையெழுத்து, கோணல்மாணலாக, தெளிவாக இருந்தது. சந்தையில் அந்தச் சட்டையைப் பார்த்ததும் அவர் உடம்பு அலறியிருக்கிறது. உடம்புக்கு அந்த முகத்தையும் அந்தச் சட்டையையும் தெரியும், ஏனென்றால் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கொலையோடு கொள்ளை. நகை கிடைக்கவில்லை, வேறு சாட்சி இல்லை. அந்த ஒரு விரல் நீட்டலில் ஒரு மனிதனைத் தூக்கில் போட முடியும். தாழிட்ட கதவை மறுபடி போய் இழுத்துப் பார்த்தேன். பயம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அதுவரை அதை நோட்டில்தான் எழுதியிருந்தேன்.

முதல்வரிடம் போனேன். மிகவும் நல்லவர், என்னை வேலைக்கு எடுத்ததே அவர்தான். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சம்மன் வந்தா போய் உள்ளதச் சொல்லும்மா. வராம நீயாப் போய் நிக்காதே. நீ இன்னும் நிரந்தரம் ஆகல. முகாம் போச்சுன்னா இந்தக் கல்லூரிக்குன்னு தனியா என்ன இருக்கு?" பேசியதெல்லாம் என் நன்மைக்குத்தான். நானும் கேட்டேன். பதினோரு நாள் கேட்டேன். பதினோரு நாள் ஏகாம்பரம் கம்பிக்குள் இருக்க, நான் வகுப்பில் சாட்சியச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டால் என்ன என்று ஐந்தாவது நாள் நினைத்தேன். ஆறாவது நாளும் நினைத்தேன். உங்களிடம் இதை மறைத்துவிட்டு நல்லபிள்ளை வேஷம் போட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை.

பன்னிரண்டாவது நாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் பிடித்தேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வந்தபோது இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் என்னை மரியாதையாகவே உட்கார வைத்தார். தாளைக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"அவனும் இதத்தான் சொன்னான், யாரும் நம்பல. அந்தம்மா பொய் சொல்றாங்களா மேடம்?"

"இல்ல."

"அப்ப?"

"அவங்க பயம் நிஜம். ஆனா அந்த பயம் இந்த ஆள்மேல வந்தது எங்க கேம்ப்லதான். அவரைப் பார்த்தா அவங்களுக்கு பயம் வரும். அதுக்காக அவர்தான் செஞ்சார்னு சொல்ல முடியாது."

அவர் தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். பிறகு, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், நான் யோசித்தே பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"வேற ஒண்ணும் இருக்கு மேடம். அந்த ஊருக்கு அவன மொதல்ல கூட்டினு வந்தது யாரு? அந்தம்மா யாரு, வூடு எங்க, எப்ப வெறவுக்குப் போவாங்க, மாமியா கழுத்துல இன்னா கீது, எல்லாம் அவன் அங்க குந்தி சோறு துன்ன அன்னிக்கிதான பாத்திருப்பான்? திருடற மாதிரி நடிக்கச் சொல்லிக் குடுத்ததும் நீங்கதான். அவனே செஞ்சிருந்தா?"

ஒன்று, நான் ஒரு நிரபராதியைத் தூக்குமேடைக்கு அனுப்புகிறேன். இல்லையென்றால், ஒரு கொலைகாரனுக்கு வழி காட்டியிருக்கிறேன். இரண்டில் ஒன்றை நான் செய்திருக்கிறேன், எது என்று தெரியவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்த எறும்பு எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்க பேருதான் மேடம் வெளிய வரும். நா இந்தத் தாள வாங்கல, நீங்க வரல. போய்ட்டு வாங்க" என்றார். அவர் மிரட்டவில்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார் என்பதுதான் பயங்கரம்.

அங்கிருந்து நேரே சகாயத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன உள்ள வச்ச அன்னிக்கிதான் டீச்சர் தூங்குனேன். அதுவரிக்கும் கண்ண மூடுனா அவன் மூஞ்சிதான்."

"சகாயம், ஏரிக்கரைல அவன் ஏதாவது பேசினானா?"

"பேசாம? 'வாயைத் திறந்தால் உயிர் இருக்காது'ன்னான். கைய முறுக்கினு சொன்னான். அப்டியே காதுல நின்னுகினு கீது."

அப்போது மத்தியானம். நல்ல வெயில். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அது நான் எழுதிய வசனம், ஒரு எழுத்து பிசகாமல். வந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சம்பவத்தன்று வாக்குமூலம் கொடுத்ததும் இவரேதான். ஐந்து மாதத்துக்கு முந்தைய கொட்டகையும் அந்த ஏரிக்கரையும் அவர் மனசுக்குள் ஒன்றாகக் கலந்துபோயிருந்தன. அவரே அறியாமல், அங்கே நடந்ததை எடுத்து இங்கே வைத்துத் தைத்திருந்தார்.

"அந்த வார்த்தை நான் எழுதினது சகாயம். நாடகத்துல வந்தாரே, அவர்கிட்ட நான்தான் சொல்லச் சொன்னேன்."

"அது வேற ஆளு டீச்சர். அந்த ஆளு சிரிச்சான், எங்கூட குந்தி சாப்ட்டான். இவன் வேற."

நான் தாளைக் கொடுத்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஏகாம்பரம் என்ற பெயரையும், கீழே தன் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. எழுந்திருக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப எம் மாமியார யாரு கொன்னது?"

"தெரியல."

"இவன் இல்லியா?"

"தெரியல சகாயம்."

"ஒண்ணும் தெரியலன்னா ஏன் டீச்சர் வந்த?" என்றார். அதுவரை என்னை நீங்கள் என்றுதான் சொல்வார். நான் எழுந்து வந்தேன்.

அன்று மாலையே நடந்ததை எழுதி, அரசு வக்கீலுக்கு ஒன்று, ஏகாம்பரத்துக்குக் கோர்ட் நியமித்த வக்கீலுக்கு ஒன்று, பதிவுத் தபாலில் அனுப்பினேன். வீராங்கனை மாதிரி இல்லை. தபால் ஆபீஸில் விலாசத்தைத் தப்பாக எழுதி இரண்டு உறையை வீணாக்கினேன். தபாலைத் திரும்ப வாங்க முடியுமா என்று கிளார்க்கிடம் கேட்டுக்கூட வைத்தேன்.

செஷன்ஸ் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றியபோது ஏகாம்பரம் எதிரில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நம்பிக்கையை என்னால் பார்க்க முடியவில்லை. சிவப்புக் கட்டச் சட்டை, சீட்டுக் கட்டி, மேஜைமேல் சான்றுப் பொருளாக இருந்தது. கடைசி வரிசையில் சகாயம். குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் கேட்ட இரண்டே கேள்விகள்தான் இன்றும் நினைவில் இருக்கின்றன.

"இவர் குற்றம் செய்யவில்லை என்கிறீர்களா?"

"எனக்குத் தெரியாது."

"அப்படியானால் அந்த அம்மாள் பொய் சொல்கிறாரா?"

"இல்லை. அவர் பயந்தது உண்மை. பயத்துக்கு முகம் பார்க்கத் தெரியாது. அதற்கு இந்த முகத்தைக் காட்டிக் கொடுத்தது நான்."

சந்தேகத்தின் பலனை அளித்து ஏகாம்பரத்தை விடுவித்தார்கள். வராந்தாவில் சகாயம் எனக்காகக் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "இன்மே நா எப்டி டீச்சர் தூங்குவேன்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதமே குடும்பத்தோடு அந்த ஊரை விட்டுப் போய்விட்டதாக ஏட்டு சொன்னார். எங்கே என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு யாரும் அந்த வழக்கில் பிடிபடவும் இல்லை. முகாமை நிறுத்தினார்கள். நான் நிரந்தரமாக ஏழு வருஷம் ஆயிற்று. அதெல்லாம் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

இதுவரை நான் சொன்னதை வைத்து, கஷ்டமான நேரத்தில் சரியான முடிவெடுத்த ஒருத்தியின் கதை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடும். ஓய்வுபெற்ற அன்று மேடையில் அப்படித்தான் என்னைப் புகழ்ந்தார்கள், நானும் மாலையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

விடுதலையாகி ஒரு மாதம் போயிருக்கும். பரீட்சை நேரம். மத்தியானம் எல்லோரும் மேற்பார்வைக்குப் போய்விட, ஆசிரியர் அறையில் நான் தனியாக விடைத்தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். "டீச்சரம்மா" என்று குரல் கேட்டது. வாசலில் ஏகாம்பரம். எலும்பும் தோலுமாக, முடியை ஒட்ட வெட்டியிருந்தார். தோளில் ஒரு துணிப்பை. உள்ளே ஒரு அடி வைத்து, கையைப் பைக்குள் விட்டார்.

நான் பின்னால் நகர்ந்தேன். யோசித்து நகரவில்லை, கால் தானாகப் போயிற்று. நாற்காலி சாய்ந்து விழுந்தது. இன்ஸ்பெக்டர் சொன்ன 'அவனே செஞ்சிருந்தா?' என்ற வார்த்தை காதில் இரைந்தது. ஏகாம்பரம் அசையாமல் நின்றுவிட்டார். விழுந்த நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பைக்குள்ளிருந்து கையை மெதுவாக, மிக மெதுவாக, நான் பார்க்கும்படி வெளியே எடுத்தார். அந்தச் சட்டை. துவைத்து மடித்திருந்தார். கோர்ட்டு கட்டிய சீட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"பயப்படாதீங்க டீச்சரம்மா. சட்டதான்."

"உக்காருங்க ஏகாம்பரம்" என்றேன். அவர் உட்காரவில்லை. சட்டையை மேஜையின் ஓரத்தில், என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்.

"இத இன்மே போட முடியாது. வாலாஜாபாத்துல நா நடந்தா பொம்பளைங்க எதிர்ப்பக்கம் போறாங்க. வேலையும் யாரும் குடுக்கல. உங்களுதுதான, அதான் குட்த்துட்டுப் போலாம்னு வந்தேன்." சட்டையின் மடிப்பை நீவிவிட்டார். "நீங்க வந்து சொல்லலன்னா நா இன்னிக்கி இல்ல. அத மறக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நா செஞ்சிருக்க மாட்டேன்னு நம்பித்தான் சொன்னீங்க?"

கோர்ட்டில் 'தெரியாது' என்பது நேர்மையான சொல். நீதிபதி நிமிர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். அதே சொல்லை இந்த அறையில், இந்த மனிதரிடம், இவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அல்லது 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். அந்த வசனத்தைக் கோபமாகச் சொல்லச் சொல்லி நான்கு முறை இவரைத் துன்புறுத்தியவள் நான். ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? ஆனால் என் நாற்காலி இன்னும் தரையில்தான் கிடந்தது. நான் என்ன சொன்னாலும் அவர் அதைத்தான் பார்ப்பார்.

"சாப்டீங்களா ஏகாம்பரம்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். முகாமில் இரண்டாம் முறை குழம்பு வாங்கும்போது சிரித்த அதே சிரிப்பு. "ஆச்சி டீச்சரம்மா" என்று சொல்லி, குனிந்து நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வந்த வழியே போனார். படிக்கட்டு வரை நான் பின்னால் ஓடினேன். அவர் வெளி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை.

முகாமை நடத்துங்கள். அணிவகுப்பும் வையுங்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வையுங்கள். பயத்தைக் கொடுத்துப் பயிற்சி நடத்தாதீர்கள். அதைத் திருப்பி எடுக்க இன்னும் யாருக்கும் தெரியவில்லை. மற்றபடி என்னிடம் பெரிய அறிவுரை இல்லை. அன்று நீங்கள் அந்த அணிவகுப்பைப் பற்றிக் கேட்டபோது உங்கள் காபி ஆறவே இல்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது.